செரெட்சே காமா: நிறம் விதித்த எல்லைகள்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கடற்கரை இல்லாத நாடு போட்ஸ்வானா. வளர்ச்சிப் பொருளியல் பயில்வோர் அதன் பெயரை அடிக்கடிக் கேட்டிருப்பர். 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்த அது, அடுத்து வந்த ஆண்டுகளில் உலகிலேயே மிக விரைவாக வளர்ந்த பொருளாதாரங்களுள் ஒன்றாக மாறியது. அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவைப் பொருளியல் நூல்கள் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. வெளியுலகமோ அவரை ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் காதலித்து மணந்த ஆப்பிரிக்க இளவரசராகவே நினைவில் வைத்திருக்கிறது. 2016-இல் வெளிவந்த திரைப்படமும் அந்தக் காதலையே முதன்மைப்படுத்தியது. ஆட்சிப் பொறுப்புக்கு வரும் ஒரு கறுப்பினத் தலைவரிடம் உலகம் எவற்றையெல்லாம் எதிர்பார்த்தது, எந்த எல்லைக்குள் அவரை நிறுத்த முயன்றது என்பதை அறிய விரும்புவோருக்கு அவரது முழு வாழ்வும் பாடமாகும்.

செரெட்சே 1921 ஜூலை 1 அன்று செரோவே என்னும் ஊரில் பிறந்தார். அன்று அந்நிலப்பகுதியின் பெயர் பெச்சுவானாலாந்து. 1885 முதல் அது பிரிட்டனின் பாதுகாப்புப் பகுதியாக இருந்தது. அங்கு வாழ்ந்த இனக்குழுக்களுள் பெரியதான பாமாங்வாட்டோ மக்களின் அரசர் மூன்றாம் காமா, செரெட்சேயின் பாட்டனார். கிறித்தவத்தைத் தழுவியவர், தம் ஆட்சிப் பகுதியில் மதுவைத் தடை செய்தவர். செசில் ரோட்ஸின் வணிக நிறுவனம் பெச்சுவானாலாந்தைக் கையகப்படுத்த முனைந்தபோது, 1895-இல் வேறிரு அரசர்களுடன் லண்டன் சென்று, தேவாலயங்களிலும் பொதுமேடைகளிலும் ஆதரவு திரட்டி, அம்முயற்சியைத் தடுத்துத் திரும்பினார். ஒழுக்கமும் இறைப்பற்றும் மிக்க ஆப்பிரிக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் எதிர்பார்த்தனரோ, அப்படியே அவர் இருந்தார். அந்த எதிர்பார்ப்பைத் தம் மக்களுக்கான கேடயமாகவும் ஆக்கிக்கொண்டார். அதே எதிர்பார்ப்பு அரை நூற்றாண்டுக்குப் பின் பேரனின் காலில் விலங்காக மாறியது.

1925-இல் தந்தை இரண்டாம் செக்கோமா இறந்தபோது செரெட்சேவுக்கு வயது நான்கு. அரசுரிமை குழந்தைக்கு, ஆட்சிப் பொறுப்பு சிற்றப்பா செகேடி காமாவுக்கு. செகேடி திறமையானவர், கண்டிப்பானவர். 1933-இல் ஒரு வெள்ளை இளைஞரைத் தம் மன்றத்தில் விசாரித்துத் தண்டித்ததற்காக, கேப் டவுனிலிருந்து கடற்படை வீரர்களையும் பீரங்கிகளையும் வரவழைத்து அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது பிரிட்டிஷ் நிர்வாகம். சில வாரங்களில் பதவி திரும்பக் கிடைத்தது. ஆனால் கறுப்பினத்தார் ஒருவர் வெள்ளையர் மீது நீதி செலுத்தக் கூடாது என்ற எழுதப்படாத விதி, பீரங்கிகளின் துணையோடு அப்போதே அறிவிக்கப்பட்டுவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் டைகர் குளூஃப், லவ்டேல் பள்ளிகளிலும் போர்ட் ஹேர் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்ற செரெட்சே, 1945-இல் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வழக்கறிஞர் பயிற்சிக்காக லண்டனின் இன்னர் டெம்பிளுக்குச் சென்றார். 1947-இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றிய ரூத், அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். இருவரும் தேவாலயத்தில் மணம் புரிய விரும்பினர். அரசின் ஒப்புதல் இல்லாமல் திருமணத்தை நடத்திவைக்க லண்டன் ஆயர் மறுத்தார். 1948 செப்டம்பர் 29 அன்று கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது.

முதல் எதிர்ப்பு வீட்டிலிருந்தே வந்தது. அரசனின் மனைவி யார் என்பதை இனக்குழுவே தீர்மானிக்க வேண்டும் என்பது மரபு. செகேடி அந்த மரபின் பக்கம் உறுதியாக நின்றார். செரெட்சே ஊர் திரும்பி, கோட்லா எனப்படும் மன்றத்தில் விளக்கம் அளித்தார். 1948 நவம்பரிலும் டிசம்பரிலும் கூடிய மன்றங்களில் எதிர்ப்பே மேலோங்கியது. 1949 ஜூனில் மூன்றாம் முறையாக மன்றம் கூடியபோது, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், தம்மையும் தம் மனைவியையும் ஏற்போர் எழுந்து நிற்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். கூட்டத்தின் பெரும்பகுதி எழுந்து நின்றது. மரபு மீறப்பட்டதாகக் கருதிய ஒரு சமூகம், மாதக்கணக்கில் வாதிட்டு, கேட்டு, மனம் மாறி ஒரு முடிவுக்கு வந்தது. அன்றைய மன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை என்ற குறையைச் சொல்லியே ஆக வேண்டும். எனினும் ஒரு சமூகம் தன் கருத்தை மறுபரிசீலனை செய்துகொள்ளும் முறை அது.

லண்டன் அரசுக்கு அத்தகைய மறுபரிசீலனை வாய்க்கவில்லை. 1948 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் மலானின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, இனஒதுக்கலைச் சட்டமாக்கத் தொடங்கியிருந்தது. கலப்பு மணத்தைத் தடைசெய்யும் சட்டம் 1949-இல் நிறைவேறியது. எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பின அரசரும் வெள்ளை இன மனைவியும் அரியணையில் அமர்வதை அந்த அரசு தன் கொள்கைக்கே விடப்பட்ட அறைகூவலாகக் கருதியது. தெற்கு ரொடீசியாவின் வெள்ளையர் அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. போரினால் கடனாளியாகியிருந்த பிரிட்டனுக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கம் தேவைப்பட்டது. அணுஆயுதத் திட்டத்துக்கு அந்நாட்டின் யுரேனியம் தேவைப்பட்டது. பெச்சுவானாலாந்தைத் தென்னாப்பிரிக்காவுடன் இணைக்கும் கோரிக்கை வலுக்குமோ என்ற அச்சமும் இருந்தது. ஒரு மனிதரின் திருமணம் உலோகங்களின் கணக்கோடு பிணைக்கப்பட்டது.

செரெட்சே ஆட்சிக்குத் தகுதியானவரா என்று ஆராய நீதிபதி ஹாராகின் தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைமையகம் அன்று தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருந்த மாஃபெகிங் நகரில் இருந்தது. செரெட்சே தம்பதியர் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைவதற்கு அந்நாடு தடை விதித்ததால், விசாரணை லொபாட்சேயில் நடந்தது. அறிக்கையின் முடிவு ஆள்வோருக்குச் சங்கடத்தைத் தந்தது. கல்வி, பண்பு, மக்களின் ஏற்பு ஆகிய எல்லாவற்றிலும் செரெட்சே தகுதியானவர். திருமணமும் அதனால் அண்டை நாடுகளிடம் எழுந்த பகையும் மட்டுமே தடை என்று அது கூறியது. இதை வெளியிட்டால் நிறவெறி அரசுக்குப் பிரிட்டன் பணிந்தது வெட்டவெளிச்சமாகும். எனவே அறிக்கை பல பத்தாண்டுகள் மறைத்துவைக்கப்பட்டது. இனக்குழுவின் ஒற்றுமை குலையும் என்பதே காரணமாக வெளியில் சொல்லப்பட்டது.

1950 பிப்ரவரியில் பேச்சுவார்த்தைக்கென லண்டனுக்கு அழைக்கப்பட்ட செரெட்சே, மார்ச் மாதம் ஐந்தாண்டுகள் நாடு கடத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டார். அதைச் செய்தது அட்லியின் தொழிற்கட்சி அரசு. இந்தியாவின் விடுதலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் அளித்த அதே அரசு. மகள் ஜாக்குலின் செரோவேயில் பிறந்த பின், அவ்வாண்டு ஆகஸ்டில் குடும்பம் தாயகத்தை விட்டு வெளியேறியது. 1952-இல் கன்சர்வேடிவ் அரசு அந்தத் தண்டனையை நிரந்தரமாக்கியது. ஜமைக்காவில் அரசுப் பணி ஒன்றை ஏற்றுக்கொள்ளுமாறும் அவரிடம் கூறப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். செரோவேயில் மக்கள் வேறொருவரைத் தலைவராக ஏற்க மறுத்தனர். 1952 ஜூனில் மூண்ட கலவரத்தில் மூன்று காவலர்கள் உயிரிழந்தனர். பிரிட்டனில் ஃபென்னர் பிராக்வே, டோனி பென், மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் உள்ளிட்டோர் அவருக்காகக் குரல் கொடுத்தனர்.

தீர்வு இறுதியில் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது. செகேடி மனம் மாறினார். சிற்றப்பாவும் மகனும் சமாதானமாயினர். இருவரும் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்குமான அரசுரிமையைத் துறந்தனர். 1956-இல் செரெட்சே ஒரு சாதாரணக் குடிமகனாக ஊர் திரும்பி, மாடு வளர்ப்பில் ஈடுபட்டார். ஓர் அரசரை உருவாக்கிய மரபையும் அவரை விலக்கிய பேரரசையும் கடந்து, வாக்குச்சீட்டின் வழியே அவர் மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்தார். 1961-இல் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1962-இல் குவெட் மாசிரே முதலானோருடன் சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1965 மார்ச்சில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 31 இடங்களில் 28-ஐ அக்கட்சி வென்றது. 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா விடுதலை பெற்றது. செரெட்சே குடியரசுத் தலைவரானார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இனக்குழுவை ஆளவும் ஒவ்வாதவர் என்று ஒதுக்கிய பிரிட்டன், முழு நாட்டையும் ஒப்படைப்பதற்கு ஏற்றவர் என்று அவரையே கண்டது. 'சர்' பட்டமும் அளித்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் மாறவில்லை. பேரரசின் தேவைதான் மாறியிருந்தது.

அவருக்குக் கிடைத்த நாட்டின் நிலையை எண்களால் சொல்லலாம். விடுதலையின்போது அங்கு போடப்பட்டிருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தோர் 22 பேர்; மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தோர் சுமார் 100 பேர். அரசின் நடைமுறைச் செலவில் ஏறத்தாழப் பாதி, பிரிட்டனின் நல்கையால் நடந்தது. 1960-களின் பஞ்சத்தில் நாட்டின் கால்நடைகளில் பெரும்பங்கு மடிந்திருந்தது. ஒரே ரயில் பாதை ரொடீசிய நிறுவனத்துக்குச் சொந்தம். புழங்கிய பணம் தென்னாப்பிரிக்க ராண்ட். உழைக்கும் வயது ஆண்கள் பலர் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலிகளாக இருந்தனர். நாட்டைச் சுற்றிப் பெரும்பாலும் வெள்ளையர் ஆட்சி. வடக்கே ஜாம்பியாவுக்குச் செல்ல இருந்த வழி கசுங்குலாவில் ஒரு படகுத்துறை மட்டுமே.

இந்தச் சூழலில் அவர்மீது ஒன்றோடொன்று மோதும் எதிர்பார்ப்புகள் சுமத்தப்பட்டன. வெள்ளையர் அரசுகள், கறுப்பினத்தார் கையில் ஆட்சி வந்தால் ஊழலும் குழப்பமும் வரும் என்ற தங்கள் வாதத்துக்குச் சான்று தேடிக் காத்திருந்தன. நாட்டிலிருந்த சிறுபான்மை வெள்ளைப் பண்ணையாளர் பழிவாங்கலை எதிர்பார்த்து அஞ்சினர். உள்நாட்டு எதிர்க்கட்சியினர், அவரைப் பிரிட்டனின் கைப்பாவை என்றனர். விடுதலை இயக்கங்களோ, நிறவெறியால் நேரடியாகத் தண்டிக்கப்பட்ட இவரே போருக்குத் தளம் தர வேண்டும் என எதிர்பார்த்தன. வெள்ளை இனத் தலைவர் ஒருவர் தவறு செய்தால் அது அவருடைய தவறு. கறுப்பினத் தலைவர் ஒருவர் தவறினால் அது அவரது இனத்தின் இயல்பு எனக் கணக்கெழுதப்பட்ட காலம் அது. அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் இரு தராசுகளில் நிறுக்கப்பட்டது.

எந்த எதிர்பார்ப்புக்கும் அவர் முழுமையாக இணங்கவில்லை. தென்னாப்பிரிக்காவுடன் வணிகம் செய்தார். தூதரக உறவு வைத்துக்கொள்ள மறுத்தார். ஐக்கிய நாடுகள் அவையில் இனஒதுக்கலைக் கண்டித்தார். அகதிகளுக்குக் கதவைத் திறந்தார். 1976-இல் சோவெட்டோ எழுச்சிக்குப் பின் தப்பிவந்த மாணவர்களுக்குப் போட்ஸ்வானா அடைக்கலமானது. ஆயுதப் பயிற்சித் தளங்களுக்கு மட்டும் இடமில்லை என்றார். 1977 வரை நாட்டுக்கென இராணுவமே இல்லை. அதன் பின்னும், 1978-இல் லெசோமாவில் ரொடீசியப் படையினரின் தாக்குதலில் போட்ஸ்வானா வீரர்கள் 15 பேர் பலியாயினர். வலிமையற்ற நாட்டின் தலைவருக்கு வீரவுரை எளிது. அதன் விலையை எல்லையோரக் கிராமங்கள் செலுத்த வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டியவை அவருடைய மூன்று முடிவுகள். முதலாவது, 1967-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம். அதுவரை நிலத்தடிக் கனிமங்களின் உரிமை அந்தந்த இனக்குழுவிடம் இருந்தது. சட்டம் அதை நாட்டுக்கு மாற்றியது. அதே ஆண்டு ஓரப்பாவில் வைரப் படிவு கண்டறியப்பட்டது. அது அவருடைய சொந்த இனக்குழுவான பாமாங்வாட்டோ மக்களின் நிலம். உரிமை இனக்குழுவிடமே இருந்திருந்தால், வைரம் நாட்டைச் செழிக்க வைப்பதற்கு மாறாகப் பிளந்திருக்கக் கூடும். ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளில் வைரம் உள்நாட்டுப் போர்களுக்குத் தீனியானதை நினைவுகூர்ந்தால், இம்முடிவின் எடை விளங்கும்.

இரண்டாவது, பேரம். ஓரப்பா சுரங்கம் 1971-இல் இயங்கத் தொடங்கியபோது அரசின் பங்கு 15 விழுக்காடு. சுரங்கத்தின் உண்மை மதிப்பு தெரிந்ததும், ஒப்பந்தத்தைத் திருத்தியே ஆக வேண்டுமென அரசு நின்றது. 1975-இல் டி பீர்ஸ் நிறுவனம் சமபங்குக்கு இணங்கியது. 1969-இல் தென்னாப்பிரிக்காவுடனான சுங்க ஒன்றிய ஒப்பந்தமும் இவ்வாறே திருத்தப்பட்டு, போட்ஸ்வானாவின் வருவாய்ப் பங்கு உயர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் நல்கை தேவையற்றுப் போனது. 1976-இல் சொந்த நாணயம் வந்தது. அதற்கு இட்ட பெயர் பூலா. அவர்கள் மொழியில் மழை என்று பொருள்.

மூன்றாவது, நிர்வாகம். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவும் வெளிநாட்டு அலுவலர்களை உடனடியாக அகற்றின. செரெட்சே, பயிற்சி பெற்ற உள்நாட்டவர் உருவாகும்வரை அவர்களை வைத்துக்கொண்டார். விடுதலைக்குப் பின்னும் அலுவலக நாற்காலிகளில் வெள்ளை முகங்களா என்ற கேள்வி நியாயமானது. அதன் கசப்பை அவர் தாங்க வேண்டியிருந்தது. 22 பட்டதாரிகளைக் கொண்டு ஓர் அரசை நடத்த முடியாது என்பதும் உண்மை. அந்தக் குறையைப் பள்ளிகளின் வழியே தீர்க்க முயன்றார். 1976-இல் பல்கலைக்கழக வளாகம் கட்ட, ஆளுக்கு ஒரு மாடு கொடுக்குமாறு நாடு தழுவிய வேண்டுகோள் விடுக்கப்பட்டது. மாடும் தானியமும் பணமுமாக மக்கள் கொடுத்தவற்றால் அந்த வளாகம் எழுந்தது.

இவற்றைக் கூறும்போது குறைகளை மறைத்தல் முறையாகாது. வைரத்தின் வருவாய் பள்ளிகளாகவும் மருத்துவ நிலையங்களாகவும் சாலைகளாகவும் மாறியது; ஆயினும் மாடுகளின் உடைமை ஒரு சிலரிடமே குவிந்திருந்தது. அந்தச் சிலரில் குடியரசுத் தலைவரும் ஒருவர். 1975-இல் வந்த மேய்ச்சல் நிலக் கொள்கை, பொதுநிலத்தின் ஒரு பகுதியை வேலியிட்டுப் பெருமந்தை உடையோருக்குக் குத்தகைக்கு விட வழிசெய்தது. கலஹாரியின் தொல்குடிகளான சான் மக்கள் அதனால் மேலும் ஒதுக்கப்பட்டனர். இனஒதுக்கலின் காயத்தைத் தாங்கியவர் தலைமை வகித்த நாட்டிலும் ஒதுக்கப்பட்டோர் இருந்தனர் என்பது கசப்பான உண்மை. துறந்த அரசுரிமையும் 1979-இல் மகன் இயன் காமா பாமாங்வாட்டோ தலைவராக அமர்த்தப்பட்டபோது குடும்பத்துக்கே திரும்பியது.

ஆனாலும் தேர்தல்கள் தவறாமல் நடந்தன. 1969 தேர்தலில் துணைக் குடியரசுத் தலைவர் மாசிரே தம் சொந்தத் தொகுதியில், அரசுப் பட்டம் துறந்து போட்டியிட்ட இரண்டாம் பாத்தோயனிடம் தோற்றார். ஆளுங்கட்சியின் இரண்டாம் இடத்தவரே தோற்கும் தேர்தல், அக்காலத்தில் ஆப்பிரிக்காவில் மட்டுமன்றி உலகின் பல பகுதிகளிலும் அரிது. 1980 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைக்கும் நோக்கில் அண்டை நாடுகள் லுசாகாவில் கூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கியபோது, செரெட்சே அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டு ஜூலை 13 அன்று, கணையப் புற்றுநோயால் தமது 59-ஆம் வயதில் காலமானார். செரோவேயில் அடக்கம் செய்யப்பட்டார். ஆட்சி அமைதியாக மாசிரேயிடம் சென்றது. ரூத் அந்நாட்டிலேயே வாழ்ந்து 2002-இல் மறைந்தார்.

இன்று போட்ஸ்வானாவைப் பாராட்டும் பலரும் அதை ஆப்பிரிக்காவின் விதிவிலக்கு என்று குறிப்பிடுகின்றனர். அந்தப் பாராட்டுக்குள் பழைய தராசு ஒளிந்திருக்கிறது. ஒருவரை விதிவிலக்கு என்று சொல்லும்போது, மற்றவர்களைப் பற்றிய தாழ்வான விதி கேள்விக்கு உட்படாமல் தப்பித்துவிடுகிறது. செரெட்சேயின் வெற்றியை விளக்குவதற்கு அவரது நிறமோ, குலமோ, ஆக்ஸ்போர்டு கல்வியோ தேவையில்லை. கனிமத்தைப் பொதுவுடைமையாக்கிய சட்டம், துணிந்து பேசிய பேரம், பொறுமையாகக் கட்டிய நிர்வாகம், மன்றத்தில் வாதிட்டு முடிவெடுக்கும் பழைய வழக்கம் ஆகியவையே போதும். இவை எந்த நாட்டிலும் எந்த நிறத்தவராலும் செய்யத்தக்கவை, செய்யத் தவறக்கூடியவையும்கூட.

போட்ஸ்வானாவின் கொடியில் மழையைக் குறிக்கும் வெளிர்நீலத்தின் நடுவே கறுப்புப் பட்டையும், அதன் இருபுறமும் வெள்ளைக் கோடுகளும் உள்ளன. இனங்கள் சேர்ந்து வாழ்வதைக் குறிக்க அந்த நிறங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அண்டை நாடு தோல் நிறத்தின்படி மனிதரைப் பிரித்துச் சட்டங்கள் இயற்றிக்கொண்டிருந்த 1966-இல் அக்கொடி ஏற்றப்பட்டது. ஹாராகின் அறிக்கை அப்போதும் வெளியிடப்படாமலே இருந்தது. செரெட்சே தகுதியானவர் என்று தனக்குத் தெரிந்தே ஓர் அரசு அவரை ஒதுக்கியது என்பதற்கான சான்று அது. மலானிடமோ ரொடீசியாவின் இயன் ஸ்மித்திடமோ ஆளும் தகுதிக்கான சான்றை எந்த விசாரணைக் குழுவும் கேட்டதில்லை. கேட்கப்பட்டவர் செரெட்சே ஒருவரே. தகுதியை மெய்ப்பித்த பிறகும் தண்டிக்கப்பட்டவரும் அவரே.